இசக்கிமுத்துவின் ஆங்கிலம்

மறுப்புக் கடிதத்தில் ஒரு பிழையும் இல்லை.

அவள் இரண்டு முறை படித்துவிட்டாள். பதினேழு வருடம் ஆங்கிலம் கற்பித்தவள் எழுதிய கடிதம். தலைமையாசிரியைப் பதவி அளித்ததற்கு நன்றி. குடும்பச் சூழ்நிலை காரணமாகக் கோத்தகிரிக்குச் செல்ல இயலாது.

நான்கு மணிக்குள் அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும்.

மதிய இடைவேளை. ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லை. சாப்பாட்டு டப்பாவை அவள் இன்னும் திறக்கவில்லை.

வீட்டில் பேச்சு நின்று மூன்று நாளாகிறது. அவளுடைய அண்ணன் முன்னாலேயே அவள் கணவன் இசக்கிமுத்து கேட்டுவிட்டான், நீ போய்விட்டால் எனக்கு யார் சோறு பொங்கிப் போடுவது என்று. அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அவன் மின்கம்பம் ஏறுகிற லைன்மேன். வேலை முடிந்து வந்தால் காப்பியோடு தினமும் ஒரு சந்தேகம் கேட்பான். 'ரிட்டர்ன் பேக்' என்று ஆபீசர் சொல்கிறாரே, அது சரிதானா? 'மைசெல்ஃப் இசக்கிமுத்து' என்றால் ஏன் சிரிக்கிறார்கள்? அவளும் சிரித்துவிட்டுத்தான் சொல்லிக்கொடுப்பாள்.

மூன்று நாளாகக் காப்பி மட்டும்தான்.

போன் அதிர்ந்தது. அவன்தான்.

ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளுக்கு அவன் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியதில்லை. தப்புக் கண்டுபிடிப்பாள் என்று பயம்.

'ஐ டிட் நாட் வான்டட் டு ஸ்டாப் யூ.'

'டிட்' வந்துவிட்டால் 'வான்ட்' போதும். அவள் கை சிவப்புப் பேனாவைத் தேடியது.

'ஐ ஆம் நோயிங் ரைஸ் குக்கிங்.'

'ஐ நோ' என்றாலே போதும். அதுவும் பொய். அவனுக்கு உலை வைக்கக்கூடத் தெரியாது.

'யூ மஸ்ட் கோ.'

இதில் பிழை இல்லை. அவள் தேடிப் பார்த்தாள். இல்லை.

'ஃப்ரம் நவ் ஒன்லி ஐ ஆம் மிஸ்ஸிங் யூ.'

இப்பவே உன்னைத் தேடுது. தமிழில் நினைத்து ஒவ்வொரு சொல்லாக அந்தப் பக்கம் தூக்கி வைத்திருக்கிறான். எந்தக் கம்பத்தடியில் நின்றுகொண்டு இதை எழுதினானோ.

மற்றவற்றை அவள் விட்டுவிட்டாள். கடைசி வாக்கியத்தை மட்டும் சரியாக எழுதினாள்.

'ஐ மிஸ் யூ ஆல்ரெடி.'

அனுப்பினாள்.

அனுப்பிய பிறகுதான், தான் என்ன அனுப்பியிருக்கிறோம் என்று பார்த்தாள். கன்னம் சுட்டது.

உடனே போன் அடித்தது. அவன் பக்கம் லாரி போகிற சத்தம். லாரி கடந்து போகும்வரை அவன் பேசவில்லை.

"கோமதி, திருத்துனியா? இல்ல, நெசமாத்தான் சொல்லுதியா?"



"சாயங்காலம் வெரசா வாங்க. சோறு வடிக்கச் சொல்லித் தாரேன்."

அந்தப் பக்கம் இன்னொரு லாரி போனது. அவன் போனை வைக்கவில்லை.

அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மறுப்புக் கடிதத்தை மடித்து ஒதுக்கிவிட்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துத் தேதி போட்டாள்.