ஆவுடைக்கு எடுத்த பட்டு

ஆவுடை, சாமி வந்து கிணற்றில் இறங்கியவள் என்றுதான் அந்தக் குடும்பத்தில் சொல்வார்கள். நாச்சியாருடைய பூட்டனுக்கு அவள் கூடப்பிறந்த தங்கை. தை மாதம்தோறும் அந்தக் கிணற்றடியில் பட்டுச்சேலை வைத்து, பொங்கலிட்டுக் கும்பிடுவார்கள். சென்னை ஆவணக் காப்பகத்துக்குப் போய் ஆவுடையின் பழைய பிரேதப் பரிசோதனை அறிக்கையைத் தேடி எடுத்த பிறகு, நாச்சியாருக்கு அந்தக் கதை தொண்டையில் இறங்கவில்லை. நுரையீரலில் சொட்டுத் தண்ணீர் இல்லை, கழுத்தைச் சுற்றிக் கயிற்றுத் தடம் இருக்கிறது என்று வெள்ளைக்கார டாக்டர் எழுதியிருந்தார்.

அந்த வருஷப் படையலில், தீபாராதனை முடிந்த கையோடு, அவள் அதை எல்லோர் முன்னாலும் உரக்க வாசித்தாள். சித்திகள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

"ஏட்டி, வாய மூடு," என்று அண்ணன் பாய்ந்து வந்தான்.

"மூட மாட்டேன். கொன்னு கெணத்துல போட்டிருக்காவ. சாமி வந்துச்சுன்னு கதை கட்டுன நம்ம வீட்டு ஆம்பளைங்கதான். தெரியுமா உங்களுக்கு?"

பெரியப்பா சங்கரபாண்டியன் குரலை உயர்த்தவில்லை.

"கூறுகெட்டவளே, தெரியாமலா இத்தன வருசமாக் கும்பிடுதோம்? தானா விழுந்து செத்தவளுக்கு எவன் பட்டு எடுப்பான்?"

நாச்சியார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. அவளுடைய அம்மா தலை குனிந்துகொண்டாள்.

பெரியப்பா திருநீற்றுத் தட்டை அவள் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

"எடுத்துப் பூசு. நேத்துவரைக்கும் ஒனக்குத் தெரியாது, அவளும் ஒன்ன விட்டுவச்சிருந்தா. தெரிஞ்சும் கும்பிடலன்னா விட மாட்டா."

கிணறு நாச்சியாரின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவள் கை நீளும்வரை யாரும் பொங்கலைத் தொடுவதாக இல்லை.