ஸ்டீயரிங்கில் ஒரு கையுறை

கேரவன் மேட்டைத் தாண்டி மறையும்வரை வெர்னா பாறைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுபத்தேழு வயதில் புருஷன் லோர்னுக்குப் பரீட்சை வைத்தாயிற்று.

மடியில் கைப்பை இருந்தது. கோட்டுப் பையில் சிவப்புக் கம்பளிக் கையுறை ஒன்று இருந்தது.

அந்த ஒற்றைக் கையுறைக்கு ஒரு வேலை உண்டு. வண்டியை விட்டு யார் இறங்கினாலும் அதை ஸ்டீயரிங்கில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஓட்ட உட்காருகிறவர் அதைப் பார்த்தால் காத்திருப்பார். இவர்கள் மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள். ஒருவர் ஓட்டினால் மற்றவர் பின்னால் திரைக்கு அந்தப் பக்கம் தூங்குவார். ஆள் உள்ளேதான் இருக்கிறது என்று நம்பி, நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போனவர்களின் கதைகள் இந்த வடக்குச் சாலையில் ஏராளம். புறப்பட்ட அன்றே இந்தச் சட்டத்தைப் போட்டவள் வெர்னாதான்.

இன்று அவள் மாட்டவில்லை. லோர்ன் டயரை உதைத்துப் பார்க்க இறங்கிய நேரத்தில், கையுறையைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு, சத்தமில்லாமல் இறங்கி, குத்துச்செடிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

எத்தனை கிலோமீட்டர்?

அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது இது ஒன்றுதான். கோதுமை நிலத்தை விற்றபோது மனுஷன் வாயையும் சேர்த்து விற்றுவிட்டார் போலிருந்தது. பதினொரு நாளாகச் சாலையோடுதான் குடித்தனம். நேற்று மத்தியானத்திலிருந்து 'ம்' கூட இல்லை. ஏரிக்கரையில் அவள் ஆசையாக மீன் பொரித்துக் கொடுத்தாள். தலையைத் தூக்காமல் தின்றுவிட்டு எழுந்து போனார்.

அரைமணி நேரம் கொடுத்தாள். அதற்குள் திரும்பி வந்தால் வடகடல் வரை சேர்ந்து போவது. வராவிட்டால் தெற்கே போகிற முதல் லாரியில் ஏறி மகள் வீட்டுக்கு. மாத்திரைகளும் ஒரு மாற்று உடுப்பும் கைப்பையில் தயார்.

கொசு மொய்த்தது. நிலத்தணில் ஒன்று வந்து அவள் காலணியை முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் போயிற்று.

இப்போது எங்கே இருப்பார்? எந்த வளைவில் தண்ணீர் கேட்பார்? பதில் வராததை எத்தனையாவது தடவையில் கவனிப்பார்? யோசிக்க யோசிக்கப் பயத்தைவிட ஆவல்தான் கூடியது. ஒரு கட்டத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இருபதாவது நிமிடத்தில் வடக்கிலிருந்து ஒரு லாரி வந்து நின்றது. ஓரமாக நிற்கிற ஆளைத் தாண்டிக்கொண்டு இந்தச் சாலையில் யாரும் போவதில்லை.

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தவள் ஐம்பது வயதுப் பெண். சட்டையில் பெர்த்தா என்று தைத்திருந்தது.

"என்னக்கா, விட்டுட்டுப் போயிட்டாங்களா, நீங்களே இறங்கிட்டீங்களா? கைப்பையோட யாரும் பூப் பறிக்க இறங்க மாட்டாங்களே!"

வெர்னா பதில் சொல்வதற்குள் அவளே கையை ஆட்டினாள்.

"மேல ஒரு கேரவன், திருப்ப இடமில்லாம முன்னயும் பின்னயுமா தடுமாறிக்கிட்டிருக்கு. உங்களுதுதானா? அப்போ வந்திருவாரு, பயப்படாதீங்க."

வெர்னாவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. தெரிந்துவிட்டது. அவள் இல்லையென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உங்காளு பரவால்லக்கா," என்று பெர்த்தா சிரித்தாள். "நேத்து வடக்க போகும்போது ஒரு பெரியவர ஏத்துனேன். ஆத்துப் பாலத்துக்கிட்ட தனியா நின்னாரு. பொண்டாட்டி ஓட்டிக்கிட்டுப் போயிருச்சாம். நாப்பது கிலோமீட்டர்! அந்தம்மா என்னடான்னா, ஏரிப்பக்கம் உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டு மீன் பொரிக்குது."

வெர்னா பாறையிலிருந்து எழுந்தாள்.

"வளைவுக்கு முன்னாடியே இறங்கிக்கிட்டாரு. 'ஹாரன் அடிச்சிராத தாயி, நான் உள்ள தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டிருப்பா, தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவா'ன்னாரு. மறுபக்கக் கதவு வழியா பூனை மாதிரி ஏறிட்டாரு."

"மாட்டிட்டு இறங்கலையா அவர்?" வெர்னா லாரிப் பக்கம் நெருங்கி வந்தாள். "ஸ்டீயரிங்ல, ஒரு கையுறையை."

பெர்த்தாவின் சிரிப்பு நின்றது. அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"மாட்டிட்டுத்தான் இறங்குனேன்னாரு அக்கா."

கோட்டுப் பைக்குள் வெர்னாவின் விரல்கள் கம்பளியைப் பிடித்துக்கொண்டன. நேற்று பாலத்தருகே வண்டியைக் கிளப்பும்போது ஸ்டீயரிங்கில் ஏதோ தட்டுப்பட்டது. பாடிக்கொண்டே பிடுங்கிப் பக்கத்தில் போட்டாள். சிவப்பாகத்தான் இருந்தது.

மேட்டில் புழுதி கிளம்பியது. கேரவன் தாறுமாறாக வந்து நின்றது. இஞ்சினைக்கூட அணைக்காமல் லோர்ன் இறங்கி ஓடி வந்தார். அவர் ஓடி அவள் பார்த்துப் பல வருடமாயிற்று.

"ஆறு கிலோமீட்டர் போயிட்டேன், வெர்னா." முகம் வெளுத்திருந்தது. "ஆறு கிலோமீட்டர் கவனிக்காமலே போயிருக்கேன். மன்னிச்சுக்க."

அப்போதுதான் லாரியில் இருப்பவளை அடையாளம் கண்டுகொண்டார். வெர்னாவின் தலைக்கு மேலாக அவளைப் பார்த்து, சொல்லிவிடாதே என்று மெல்லத் தலையை ஆட்டினார்.

வெர்னா அதைப் பார்த்தாள். பார்க்காதவள் மாதிரி மலைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.