பக்கத்து சீட் பெல்ட்

“ஒரு நூலைக்கூட மாத்தக் கூடாது மேடம். ஃபேக்டரியிலேருந்து எப்படி வந்துதோ, அப்படியே இருக்கணும்” என்றார் உத்தமன்.

வனஜா காருக்குள் குனிந்தாள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டின் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த எழுபத்து நாலாம் வருஷத்துக் கார். வெகுநாள் ஓடாமல் கிடந்ததால் உத்தமன் அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். ஆஸ்டின் டவுனில் வனஜா நடத்தும் பட்டறைக்கு இப்படிப்பட்ட வண்டிகள் புதிதல்ல. பழைய காரில் சீட், பெல்ட் வேலை என்றால் பெங்களூரில் முதலில் அவள் பெயரைத்தான் சொல்வார்கள். அது அவளுக்கும் தெரியும்.

“வண்டி எங்கேயோ மோதியிருக்கு, இல்லையா சார்?”

உத்தமன் திகைத்தார். “பாடி வேலையெல்லாம் அப்பவே முடிச்சாச்சே! எப்படித் தெரிஞ்சுது?”

“இந்த இடத்தைத் தொட்டுப் பாருங்க. நாடா இழுபட்டு வழவழன்னு ஆயிருக்கு. ஒரு ஆளோட மொத்த கனமும் ஒரே இழுப்புல இதுல விழுந்திருக்கு. ஒரு உயிரைக் காப்பாத்தின பெல்ட் சார் இது. ஆனா இன்னொரு தடவை இதை நம்ப முடியாது.”

உத்தமன் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“அத்திப்பள்ளி தாண்டி ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துட்டிருந்தோம். நாய் ஒண்ணு குறுக்க வந்துது. கார் நேரா மரத்துல போய் முட்டிடுச்சு. அன்னியிலேருந்து மங்களம் இந்தக் கார்ல காலே வைக்கல.”

“உங்க மிஸஸா?”

“ஆமா.”

“பலமான அடியோ?”

“தோள்பட்டை எலும்பு முறிஞ்சுது. அது சேர்ந்துடுச்சு. மன்னிக்கத்தான் மனசு வரமாட்டேங்குது அவளுக்கு. ‘நாய் குறுக்க வந்தா யார்தான் என்ன பண்ண முடியும்’னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்.”

பெண்டாட்டியின் எலும்பை முறித்துவிட்டு நாயின் மேல் பழியைப் போடுகிறாரே மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள் வனஜா. ஆனாலும் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“அப்புறம் எதுக்கு சார் பழசே வேணுங்கறீங்க?”

“புதுசா எதையாவது பாத்தா அவளுக்கு மறுபடியும் அந்த நாள்தான் ஞாபகம் வரும். வாங்கின புதுசுல எப்படி இருந்துதோ, அப்படி இருக்கணும். பாத்தா ஏறிடுவா.”

“நிச்சயமாவா?”

“நிச்சயமா. அவளை எனக்குத் தெரியும் மேடம்.”

“எனக்கு என் வேலை தெரியும் சார். சொல்றதைக் கேளுங்க. நாடா புதுசு போட்டே ஆகணும். அதே பழுப்பு நிறம், அதே நெசவு தேடிப் பிடிச்சுடுவேன். ஃபேக்டரி லேபிளைப் பிரிச்சு, இருந்த இடத்துலயே தைச்சுடறேன். பின் சீட் பெல்ட்டை யாருமே போட்டதில்ல போலிருக்கு. அந்தப் பக்கிளைக் கழட்டி முன்னால வெச்சா, அதுவும் அதே ஃபேக்டரி சாமான்தான். உங்க கண்ணுக்கே வித்தியாசம் தெரியாது. இல்ல, பழைய நாடாவைத்தான் மாட்டணும்னா வண்டியை எடுத்துட்டுப் போயிடுங்க. உங்க மிஸஸ் மறுபடியும் நம்பி உக்காரப்போற சீட் அது. அதுல நான் விளையாட மாட்டேன்.”

உத்தமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “சரி மேடம். அந்த சீட்டுக்கு எது நல்லதோ, அதையே செய்யுங்க” என்றார்.

நாடா கிடைத்ததும் வனஜா அதில் ஒரு துண்டை, பலத்தைச் சோதிக்க லேபுக்கு அனுப்பினாள். தாங்கும் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் தையல் போட்டாள். மாட்டி முடித்ததும் அவளுடைய மெக்கானிக் கோவிந்தப்பா, பெல்ட்டைப் பிடித்து முழு பலத்தோடு வெடுக்கென்று இழுத்தார். அது ஒரு விரற்கடைகூட நகராமல் நின்றது.

“ஆய்த்து மேடம்!” என்று வேலை முடிந்ததைக் கன்னடத்தில் சொன்னார் அவர், திருப்தியாக.

வனஜா போன் செய்த மறுநாள் காலை, உத்தமனும் மங்களமும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். காரைப் பார்த்ததும் மங்களம் பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“நான் சும்மா பாக்கத்தான் வந்தேன்” என்றார்.

“பாருங்கம்மா, அதுக்கென்ன?” என்று வனஜா அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

மங்களம் பெல்ட்டைத் தொட்டார். லேபிளை விரலால் தடவினார். பக்கிளைத் திருப்பிப் பார்த்தார்.

“அப்படியே இருக்கு” என்றார்.

“பாக்கத்தான் அப்படியே. பலம் புதுசும்மா. நான் கேரண்டி!” வனஜா பக்கத்து சீட் கதவை அகலத் திறந்து பிடித்தாள். “தைரியமா உக்காருங்க. சார் இனிமே பாத்துத்தான் ஓட்டுவார்.”

மங்களம் அசையவில்லை. கண்கள் நிறைந்துவிட்டன.

உத்தமன் மனைவியைத் தாண்டி வந்து, வனஜா திறந்து பிடித்திருந்த கதவு வழியாகத் தானே ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டைத் தோளுக்குக் குறுக்கே இழுத்துப் பூட்டிக்கொண்டு, கார் சாவியை மங்களத்திடம் நீட்டினார்.

“எலும்பு முறிஞ்ச நானே அதை அன்னிக்கே மறந்துட்டேன். நீயும் உன்னை மன்னிச்சுட்டு வண்டியை எடு மங்களம், எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே!”