ரங்கூன் வழியாக ஆயிரம் மைல்

“கல்கத்தாவிலேருந்து இங்க வர ஹவாய் ஜஹாஸ் எவ்ளோ நேரம் எடுக்கும், சந்திரன் சார்?”

விமான டிக்கெட் ஆபீஸுக்குப் பக்கத்துக் கடையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கி நின்ற சிவஞானத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. ஜன்னலில் நின்று கேட்டவள் அவருடைய மனைவி இந்திராணி. கட்டிய புருஷனிடம் காப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்காதவள், அந்த மீசைக்காரனிடம் என்னமாய்க் குழைகிறாள்!

“பிளேன் நேரா பறந்தா எண்ணூறு மைலுங்க. ரங்கூன்ல எறங்கி எண்ணெய் போட்டுக்கிட்டு வர்றதால ஆயிரம் தாண்டும். காலைல கெளம்பினா மத்தியானம் வந்துரும்.”

“அரே, அவ்ளோதானா! கப்பல்னா நாள்கணக்கா கடல்ல கெடக்கணுமே!”

இருவரும் சிரித்தார்கள். சந்திரன் லீவில் தஞ்சாவூர்ப் பக்கம் போய்விட்டு வந்ததிலிருந்தே இந்தப் பேச்சும் சிரிப்பும்தான்.

அதே தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்காகத் தீவுக்கு வந்த சிவஞானம், இங்கேயே பிறந்து வளர்ந்த இந்திராணியைக் கல்யாணம் செய்துகொண்டபோது, அவர் பக்கத்திலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. “எங்க ஆளுங்களுக்குக் கப்பல் ஒத்துக்காது மாமா” என்று மாமனாரிடம் சொல்லி முடித்துவிட்டார். மெயின்லேண்டுக்கும் தனக்கும் நடுவே இத்தனை பெரிய கடல் கிடப்பதில் அவருக்கு ஒரு நிம்மதி. பாழாய்ப்போன விமானம் வந்து அதையும் கெடுத்தது.

“ஒனக்குப் பிளேன்ல போகணும்னு ஆசையோ?” சாப்பிடும்போது மெல்லக் கேட்டார்.

“நான் எங்க போகப்போறேன்? என் ஊரே இதானே” என்றாள் இந்திராணி, மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே.

பொய் சொல்கிறாள் என்று அவர் முடிவே கட்டிவிட்டார். அவள் கையில் தங்க வளையல்களைக் காணோம். டிக்கெட் வாங்கிவிட்டாள்!

வெள்ளிக்கிழமை பட்டுப்புடவையும் பூவுமாக அவள் பஸ் ஏற, பின்னாலேயே லாரியில் போனார். லம்பா லைன் விமானத் திடலில் அவளும் சந்திரனும் வானத்தைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். விமானம் வந்து இறங்கியது. அதற்கு மேல் சிவஞானத்தால் பொறுக்க முடியவில்லை. பாய்ந்து சந்திரனின் சட்டையைப் பிடித்தார்.

“எம் பொண்டாட்டியவா கூட்டிட்டுப் போகப் பாக்குற?”

“விடுங்க சார். யாரும் எங்கயும் போகல.”

ஏணிப்படியில் கடைசியாக ஒரு பெண் இறங்கினாள். கையில் தகரப் பெட்டி, கழுத்தில் மஞ்சள் கயிறு. திடலைக் கடந்து வந்தவள் சிவஞானத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். அவருடைய பிடி தானாகத் தளர்ந்தது.

இந்திராணி ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

“வாங்கக்கா. நம்ம வீட்டுக்காரரே வந்திருக்காரு பாருங்க!”