துரத்தும் நாயகனுக்கு எதிராக ஒரு தீர்மானம்

"இந்தக் குப்பையை இன்னிக்கே இங்கேருந்து எடுக்கணும்னு நான் தீர்மானம் கொண்டு வர்றேன்" என்றாள் க்ளெனிஸ்.

குப்பை என்று அவள் சொன்னது, ஓய்வறை அலமாரியில் இருந்த பதினோரு காதல் நாவல்களை. பதினொன்றும் ஷெல்பி கொண்டுவந்து வைத்தவை. எல்லா அட்டையிலும் முகமூடி போட்ட ஒருவன் நின்றான். எல்லாக் கதையிலும் அவன் ஒரு பெண்ணை இரவும் பகலும் பின்தொடர்ந்து வெறியோடு காதலித்தான்.

காலை ஸ்மோக்கோ அது. கோழி ஆலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நிற்கும் பெண்களுக்குக் கிடைக்கும் கால் மணி நேரத் தேநீர் இடைவேளை. அதிலும் தீர்மானம், வழிமொழிதல், வாக்கெடுப்பு என்று கூட்டம் நடத்தாமல் விடமாட்டாள் க்ளெனிஸ். முப்பத்தொரு வருடமாகத் தொழிற்சங்கப் பிரதிநிதி.

"நான் வழிமொழியறேன்" என்றாள் நோலீன். "ஒண்ணைப் புரட்டிப் பார்த்தேன். சீ!"

"எத்தனாவது பக்கம் வரைக்கும் புரட்டின?" என்று ஒருத்தி கேட்க, மேசையே குலுங்கியது.

ஷெல்பிக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு மணிக்கு அவளுக்கு விசாரணை. ஒரே வாரத்தில் மூன்று நாள், தலா பதினான்கு நிமிடம் வரிசையில் ஆளில்லை என்று கேமரா காட்டிக் கொடுத்திருந்தது. ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

விசாரணையில் அவளுக்காகப் பேச வேண்டியவள் க்ளெனிஸ்தான். அந்த க்ளெனிஸோ இங்கே அவளைக் கிழித்துத் தொங்கவிட்டுக் கொண்டிருந்தாள்.

"இந்த முகமூடிக்காரன் அவ வீட்டுல கேமரா வைக்கிறான். எப்போ தூங்கறா, எப்போ எழுந்துக்கறான்னு குறிச்சு வைக்கிறான். நம்ம மேனேஜர் வார்விக் அதையே இங்க செஞ்சப்போ வேலையைப் போட்டுட்டு வாசல்ல போய் நின்னோமா இல்லையா? வார்விக் செஞ்சா அடக்குமுறை, இவன் செஞ்சா காதலா?"

"வார்விக் பார்க்கிறான். கவனிக்கிறதில்ல" என்றாள் ஷெல்பி. "கதையில வர்றவன் அவ முகம் வாடினாக்கூடக் கண்டுபிடிச்சுடறான். போன மாசம் நான் முடியைப் பாதியா வெட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனேன். என் புருஷன் நிமிர்ந்து பார்த்து, ரிமோட் எங்கன்னு கேட்டான்."

"அதுக்காக ஜன்னல்ல எட்டிப் பார்க்கிறவன் வேணுமா உனக்கு?"

"நிஜத்துல எவனாவது எட்டிப் பார்த்தா போலீஸைக் கூப்பிடுவேன். இது புத்தகம், க்ளெனிஸ். மூடினா போயிடுவான்."

"நம்மளை ஒருத்தன் கவனிக்க மாட்டானான்னு ஏங்கற பாரு, அதுதான் அடிமைப் புத்தி!"

கை தூக்கினார்கள். ஏழுக்கு ஏழு. மணி அடித்துவிட்டது. மறுவாக்கெடுப்பு நாளைக்கு என்று அறிவித்துவிட்டுக் கையுறையை மாட்டினாள் க்ளெனிஸ்.

இரண்டு மணி. விசாரணைக்கென்றே அடிலெய்டு தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி மடிக்கணினியைத் திறந்தாள். கேமரா வாங்கக் காசு இருந்த ஆலையில், ஷெல்பிக்குக் கிடைத்தது கால் ஆடும் நாற்காலி.

"செவ்வாய்க்கிழமை, பத்து பன்னிரண்டுலேருந்து பத்து இருபத்தாறு" என்றான் வார்விக். "கழிப்பறைக்குப் போக பதினாலு நிமிஷமா? சொல்லு!"

உண்மையைச் சொன்னால் கை பழுதானவள் என்று ஷெல்பியை அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் சோம்பேறி என்று அனுப்பிவிடுவார்கள்.

க்ளெனிஸ் தன் மேலங்கிப் பையிலிருந்து ஓரம் மடங்கிய ஒரு குறிப்பேட்டை எடுத்தாள்.

"செவ்வாய். பத்து பன்னிரண்டு, கழிப்பறை. பத்து பதினாறு, வெளியே வந்தாச்சு. அதுக்கப்புறம் பத்து நிமிஷம் முதலுதவி அறை வாசல்ல நிக்கிறா. அறை பூட்டியிருக்கு. சாவி வார்விக்கோட பாக்கெட்டுல. புதன், அதே கதை. வியாழன், அதே கதை. வலது மணிக்கட்டு வீங்கியிருக்கு. நவம்பர்லேருந்து கத்தியைக் கை மாத்தி மாத்திப் பிடிக்கிறா. நான் நிக்கிற இடத்துலேருந்து அந்த வாசல் நல்லாத் தெரியும்."

அதிகாரி மெல்ல வார்விக் பக்கம் திரும்பினாள். "முதலுதவி அறையைப் பூட்டியா வெச்சிருக்கீங்க?"

"பேண்டேஜ் திருடு போகுதுங்க..."

அதிகாரி கை நீட்டிக் குறிப்பேட்டை வாங்கிப் பழைய பக்கங்களைப் புரட்டினாள். வாய்விட்டே படித்தாள்.

"திங்கள். வெஜிமைட் சாண்ட்விச்ல பாதியை அப்படியே வெச்சுட்டா. அழுதிருப்பா போல. வியாழன். முடியைப் பாதியா வெட்டியிருக்கா. நல்லா இருக்கு. ஒருத்தரும் சொல்லலை." நிமிர்ந்தாள். "இதெல்லாம் எதுக்கு?"

"எதுக்கும் இருக்கட்டும்னு" என்று குறிப்பேட்டைப் பிடுங்கிக் கொண்டாள் க்ளெனிஸ். அவள் காது சிவந்திருந்தது.

மூன்றாவது கடிதம் வரவில்லை. சாவி அன்றைக்கே சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டது.

மறுநாள் ஸ்மோக்கோவில் ஷெல்பி ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். குறிப்பேடு மேசையைச் சுற்றிக் கைமாறியது. ஒவ்வொருத்தியும் படித்துவிட்டு க்ளெனிஸை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்ன, வார்விக்கை விட மோசம்னு சொல்லப் போறீங்களா? சொல்லுங்க" என்று சிலிர்த்துக் கொண்டாள் க்ளெனிஸ். "பிரச்சினையில இருக்கறவங்களைத்தான் எழுதறேன். எல்லாரையும் இல்ல. இது சங்க வேலை."

குறிப்பேடு கடைசியாக நோலீனிடம் வந்தது. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரல் வைத்துத் தேடினாள். திரும்பவும் முதலிலிருந்து தேடினாள். பிறகு மூடி வைத்தாள்.

"பத்தொன்பது வருஷமா உன் பக்கத்துலயே நிக்கறேன். என்னைப் பத்தி ஒரு வரிகூடவா எழுதலை நீ?"