தழை கட்டிய கை

நாற்பது அங்குலத்துக்குக் குறைந்த கொம்புள்ள மானைச் சுடக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டது. அந்த அளவைத் தாண்டியிருந்த ஆண் மான்கள் ஒரே பருவத்தில் காட்டில் தீர்ந்துபோயின. சுவரில் மாட்டத் தோதான தலை இல்லையே என்று துப்பாக்கிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அதனால் வனத்துறையே வேலி போட்டு, தவிட்டில் ஏதேதோ சத்துமாவைக் கலந்து கடமான்களை வளர்க்க ஆரம்பித்தது. கொம்பு ஐம்பது அங்குலத்தைத் தாண்டியது. கழுத்து மட்டும் அப்படியே இருந்தது. தலையைத் தூக்க முடியாமல், தாடை மண்ணில் இழுபட அவை நடந்தன.

தீனி வைக்கும் மாசிலாமணியின் இடது கையில் அன்றும் தோள்வரை தழையைக் கட்டினார்கள். அவன் புதருக்குள் மறைந்து நின்று, மானின் தாடைக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினான். கொழகொழவென்று எச்சில் முழங்கைவரை வழிந்தது.

"காட்டுலயே வளந்ததுதானே?" என்று துப்பாக்கியோடு சுட வந்திருந்த விருந்தாளி கேட்டார்.

"ஆமாங்க, மனுஷ வாடையே படாதது" என்ற வனத்துறை அதிகாரி, புதர்ப்பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். "இன்னும் கொஞ்சம் தூக்குய்யா."

"இதுக்கு மேல தூக்குனா நான் வெளிய தெரிவேன் சார்."

விருந்தாளி மூச்சைப் பிடித்துக் குறிபார்த்தார். இருபதடி தூரம்தான். வெடித்தது. மானின் கால்கள் மடிந்தன. மொத்தப் பாரமும் மாசிலாமணியின் உள்ளங்கைக்கு வந்தது.

"விட்டுடாதய்யா! கொம்பு ஒடிஞ்சிரும்!" என்று அலறிக்கொண்டே அதிகாரி ஓடிவந்தார்.

மாசிலாமணி விடவில்லை. தவிட்டு வாசனைக்கு அந்த நாக்கு அவன் மணிக்கட்டை இன்னும் நக்கிக்கொண்டிருந்தது.