கீழே விழுந்த பிளேடு

டமார்!

திரும்பிப் பார்த்தா, பவித்ரா அக்கா காலடியில இன்ஜின் பிளேடு ரெண்டு துண்டா கிடக்குது.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பின்னே? சிங்கப்பூர் ஜூரோங்ல விமான இன்ஜின் பழுதுபார்க்கிற எங்க பட்டறையில, தினமும் காலையில பாடம் நடத்துறதே இந்த அக்காதான்.

“இந்த பிளேடுல டைட்டேனியமும் அலுமினியமும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. எடை கம்மி, சூட்டைத் தாங்கும். ஆனா ஆறின நிலையில கீழ போட்டா நசுங்காது, விரிசல் விட்டுடும். உள்ளே மெல்லிசு மெல்லிசா அடுக்கு இருக்கு. விரிசல் அதுக்குள்ள ஒளிஞ்சுக்கும், வெளியில தெரியாது. பறக்கும்போதுதான் உடையும். பார்த்துப் பிடிங்க!”

ஊருக்குத்தான் உபதேசம்!

மேனேஜர் பேரின்பநாயகம் ஓடி வந்தார். “யார் போட்டது?”

“நான்தான் சார். கை நழுவிடுச்சு.”

“கீழ போட்டவங்களுக்கு இங்க வேலை இல்ல. யாரா இருந்தாலும் ரூல் ரூல்தான் லா.”

“தெரியும் சார்.”

அழலை, கெஞ்சலை. கழுத்துல இருந்த பாஸைக் கழற்றி மேசையில வச்சிட்டுப் போயிட்டாங்க. திமிரைப் பாருன்னு நெனச்சேன். அடுத்த நாளே அவங்க இடம் எனக்குக் கிடைச்சுது.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா சாப்பாட்டுக் கடையில ரியாஸ் அண்ணனைப் பார்த்தேன். எங்க பட்டறையில பிளேடு கழுவுறவர். ஊர்ல மூணு பொண்ணுங்க. வேலை பெர்மிட் போனா குடும்பமே பட்டினி. பரோட்டாவைப் பிச்சுப் போட்டிருந்தார், ஒரு வாய் வைக்கலை.

“என்னண்ணே, நம்ம டீச்சர் கதையைப் பார்த்தீங்களா?”

“சிரிக்காதேம்மா தாரகா.” தட்டைத் தள்ளி வச்சார். “போன மாசம் நம்ம பட்டறை அதீஃப் ஒரு பிளேடைக் கீழ போட்டானே, ஞாபகம் இருக்கா?”

“ஆமா. சார் அவனை ஊருக்கு அனுப்பிட்டாரு.”

“அந்த பிளேடு?”

யோசிச்சேன். பவித்ரா அக்கா வேணாம்னு ஒதுக்கி வச்சாங்க. சார் எடுத்துத் திருப்பிப் பார்த்து, “எங்க விரிசல்? காட்டு”ன்னார். அக்காவால காட்ட முடியலை.

“இன்ஜின்ல மாட்டிட்டாங்க”ன்னேன்.

அண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

“இப்போ உடைஞ்ச பிளேடு முதல்ல விழுந்தது என் கையிலேருந்தும்மா. ஒரு கீறல்கூட இல்ல. அக்கா மட்டும்தான் பார்த்தாங்க. சொன்னா என் வேலை போயிடும், பிளேடு எப்படியும் பறக்கப் போயிடும். சொல்லலைன்னாலும் பறக்கும்.”

“அக்கா என்ன சொன்னாங்க?”

“என் கையிலேருந்து அதை வாங்கினாங்க. பட்டறைக்கே கேட்கிற மாதிரி ஓங்கித் தரையில அடிச்சாங்க.”